மனுதாரர் பெயர்

"ஜோதி, கதவைச் சாத்திட்டு வாம்மா. ஒரு அறிக்கை டைப் பண்ணணும்" என்றார் கண்காணிப்பாளர் குழந்தைவேல்.

அரியலூர் பக்கத்திலிருந்த அந்த அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் என்று இருந்தது ஜோதி ஒருத்திதான். வந்து உட்கார்ந்தாள்.

குழந்தைவேல் மேல் மேலிடத்துக்குப் போன புகார், விசாரிக்கச் சொல்லி அவரிடமே திரும்பி வந்திருந்தது. சாதி பார்த்து ஓர் ஊழியருக்கு மட்டும் தனி டம்ளரில் டீ கொடுக்கச் சொல்கிறார் என்பதுதான் புகார்.

"அடிச்சுக்க. 'புகாரில் உண்மை இல்லை. இங்கு அனைவரும் சமமாகவே நடத்தப்படுகிறார்கள்.'"

ஜோதியின் விரல்கள் நின்றன.

"என்னம்மா?"

"அந்த டம்ளர் ஜன்னல்ல தனியாத்தானே சார் இருக்கு?"

"இருந்துச்சு. காலையிலயே தூக்கிப் போட்டாச்சு. மேல அடி. 'மனுதாரர் தன் தவறை உணர்ந்து புகாரைத் திரும்பப் பெறுகிறார்.'"

"மனுதாரர் ஒத்துக்கணுமே சார்?"

"ஒத்துக்கும். இன்னும் ரெண்டு மாசத்துல அதுக்கு வேலை நிரந்தரம் ஆகணும். நான் கையெழுத்துப் போட்டாத்தானே ஆகும்?"

ஜோதி அடித்து முடித்தாள். குழந்தைவேல் எட்டிப் பார்த்தார்.

"மனுதாரர் பேரை ஏன் போடாம விட்டிருக்க?"

அவள் தலை நிமிரவில்லை.

"உன் பேருதானம்மா, இனிஷியலோட அடி."

அடித்தாள். தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்தைப் போட்டுடு" என்றவர், தன் பேனாவை அவள் கையில் கொடுக்காமல், மேசை மேல் வைத்து அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார்.