நகக் கப்பல்

அவள் வரைந்த நகம் சிவப்பாக இருந்தது.

சிவப்புப் பென்சிலை அவள் எடுக்கவே இல்லை. அது பெட்டிக்குள், இன்னும் சீவாமல், கிடந்தது.

மேசையில் விரித்த தாளில், சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கப்பல். முழுக்க நகங்களால் ஆனது.

பனிக்கடல் ஓரத்து நார்ஸ் மக்களின் பழங்கதையில் வரும் கப்பல் அது. நகம் வெட்டிவிட ஆளில்லாமல் இறந்துபோனவர்களின் நகங்களைச் சேர்த்துச் சேர்த்து, பாதாளக் கரையில் அதைக் கட்டுகிறார்கள். கடைசி நகம் பதியும் நாளில் கப்பல் புறப்படும். அன்றோடு உலகம் முடியும்.

அதனால் அந்த ஊர்களில், இறந்தவரின் நகங்களை யாராவது வெட்டிவிடுவார்களாம். உலக முடிவுக்குத் தங்களால் ஆன தாமதம்.

அந்தக் கதைகளை வைத்துத்தான் கோயம்புத்தூரில் தமயந்தியின் அலுவலகத்தில் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் கையால் வரைந்தது. கப்பல் அவள் பொறுப்பு. ஒரு நகம் இன்னொன்றைப் போல இருக்கக் கூடாது. ஒன்றை வரைந்து நூறாக நகலெடுக்கிற வேலையே கிடையாது.

ஆகவே ஏழு வாரமாக, அலுவலகத்தில் யார் கையைக் கண்டாலும் பிடித்துவைத்துப் பார்த்தாள்.

“என் பத்தையும் போன மாசமே வரைஞ்சிட்டீங்கக்கா. இனி கால் விரல்தான் பாக்கி. சாக்ஸைக் கழட்டட்டா?” என்றான் பக்கத்து மேசை ஜெரால்டு.

“வேண்டாம். உலகம் இப்பவே முடிஞ்சிரும்.”

இன்று மாலைக்குள் ஓவியத்தை ஒப்படைக்க வேண்டும். கப்பலின் மூக்கில் ஒரே ஒரு நகத்துக்கு இடம் பாக்கி.

மனம் போன போக்கில் ஒன்றை வரைந்தாள். அகலமான நகம். இடது மூலையில் சின்ன உடைசல். மேல்பகுதி மருதாணிச் சிவப்பு. அடியில் மட்டும் நிறம் ஏறாத ஒரு பிறை.

அழித்தாள்.

வேறொன்று வரைந்தாள். ஒடுக்கமாக, கூராக, வெளுப்பாக. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள்.

அகலமான நகம். மூலையில் உடைசல். சிவப்பு.

“ஜெரால்டு, இதைத் தொட்டியா?”

“சத்தியமா இல்லக்கா.” இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

அந்த மருதாணியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

அவளே அரைத்து, அவளே அக்கா சுகந்திக்கு இட்டுவிட்டது. மாமா பெண்ணின் கல்யாணத்துக்காக. கல்யாணம் முடிந்த மறுநாள் சுகந்தி மாடிப்படியில் தவறி விழுந்தாள். தலையில் அடி. நாற்பது நாளாகக் கண் திறக்கவில்லை.

தமயந்தி ஞாயிறுதோறும் மருத்துவமனைக்குப் போவாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, இயந்திரத்தில் ஓடும் எண்களைப் பார்ப்பாள். திரும்பிவிடுவாள். போர்வைக்குள் இருந்த கைகளை ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

கப்பலின் மூக்கை ரப்பரால் சுத்தமாக அழித்தாள். இடத்தைக் காலியாக விட்டு, தாளைச் சுருட்டி, தன்னோடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் மருந்துக்கடையில் ஒரு நகவெட்டி வாங்கினாள்.

மதியப் பார்வை நேரம். வார்டில் பதினொரு கட்டில்கள். பேச்சில்லை. மூச்சு மட்டும், பல வேகத்தில்.

போர்வையை விலக்கினாள்.

அகலமான நகம். இடது மூலையில் உடைசல்.

‘ஈஸ்வரா’ என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

நகவெட்டியை அந்த நகத்தில் வைத்த பிறகு, அழுத்த அவளால் முடியவில்லை. அந்தக் கதையில் நகம் வெட்டுவது யாருக்கு என்பது அவளுக்குத் தெரியும். வெட்டினால், இனி நீ எழமாட்டாய் என்று தன் வாயாலேயே சொன்ன மாதிரி.

குனிந்து பார்த்தாள்.

அடியில் அந்தப் பிறை. மருதாணி இட்ட அன்று அது இல்லை. விரல் முழுக்கச் சிவக்க அப்பியது அவள்தானே.

அப்படியென்றால், விழுந்த பிறகு வளர்ந்தது.

யாரும் பார்க்காதபோது, போர்வைக்குள், நாற்பது நாளாக.

ஸ்டூலில் உட்கார்ந்து, அக்காவின் கையை மடியில் எடுத்து வைத்து, முதல் நகத்தை வெட்டினாள். சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

செவிலியர் அருகில் வந்து, நாடித்துடிப்பு பார்க்க விரலில் மாட்டியிருந்த கிளிப்பை அடுத்த விரலுக்கு மாற்றிக்கொடுத்தார். “எல்லாரும் முகத்தைப் பாத்துட்டுப் போயிருவாங்கம்மா. கையை எடுத்து மடியில வச்சது நீங்கதான்.”

தமயந்தி தலை நிமிரவில்லை. கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை, இரண்டு கைக்கும் வெட்டி, உடைசலை ராவி, ஓரங்களை மழுக்கினாள். பிறகு ஈரத்துணியால் ஒவ்வொரு விரலையும் துடைத்தாள். சுகந்தியின் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. எண்கள் முன்போலவே ஓடின.

அலைபேசி அதிர்ந்தது. அலுவலகம். அதைக் கவிழ்த்து வைத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். கண்கள் மூடியிருந்தன. ஒரு கை முட்டியாக இறுகிக் கிடந்தது. வளைந்த நகங்கள் உள்ளங்கையில் பதிந்து புண்ணாக்கியிருந்தன.

“இவருக்கு யாரும் வர்றதில்லையா சிஸ்டர்?”

“வந்து நாலு மாசம். இதுவரைக்கும் இல்ல. அந்தக் கையை எங்களாலேயே பிரிக்க முடியல. விரல் உடைஞ்சிருமோன்னு பயம்.”

நகவெட்டியை ஸ்பிரிட்டில் கழுவி, ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய முட்டியைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கினாள். பனிக்கட்டிபோல இருந்தது.

“ஐயா, கையைக் கொஞ்சம் காட்டுங்க.”

செவிலியர் கையிலிருந்த சீட்டில் எழுதுவதை நிறுத்தினார்.

விரல்கள், ஒவ்வொன்றாக, விரிந்தன.