நாலாவது ரிங்

"நேத்து வந்த போன்ல ஒண்ணையாவது எடுத்தியாப்பா நீ?"

முதலாளி கோபால்சாமி கேட்டார். எதிரே சரவணகுமார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த தமிழரசிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எப்போதோ நடந்திருக்க வேண்டியது, இன்றைக்குத்தான் நடக்கிறது.

ஆலங்காயத்தில் கோபால்சாமி நடத்தும் ரியல் எஸ்டேட் ஆபீஸ் அது. காவலூர் ரோட்டில், மலை அடிவாரத்தில் பிளாட் போட்டு விற்கிறார். வாங்குவது பெரும்பாலும் பெங்களூர், சென்னை ஆட்கள். முன்பெல்லாம் விசாரிக்கிற போன் ஆபீசுக்கு வரும். அதை எந்த ஏஜெண்டுக்குத் தள்ளிவிடுவது என்று தினமும் ஒரு சண்டை.

அதனால் இந்த வருஷம் சாஃப்ட்வேர் போட்டார். விளம்பரத்தைப் பார்த்து யார் போன் பண்ணினாலும் அது நேராக ஏஜெண்டுக்கே போகும். முதலில் சீனியர் சரவணகுமாருக்கு. நாலு ரிங்கில் அவர் எடுக்காவிட்டால் தானாகவே தமிழரசிக்கு. அவளும் எடுக்காவிட்டால் கலையரசனுக்கு. யார் எடுத்துப் பேசுகிறார்களோ, பார்ட்டி அவர்களுடையது.

"மெஷினுக்கு வேண்டியவன், வேண்டாதவன்லாம் கெடையாது. இனிமே யாரும் எங்கிட்ட வந்து மூஞ்சத் தூக்கக்கூடாது" என்று அன்றைக்குச் சொன்னார் கோபால்சாமி. கலையரசன் அவருடைய மச்சான்.

தமிழரசி இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. புருஷன் காசி போர்வெல் லாரியிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு, வேறு வழியில்லாமல் வந்தாள். ஆனால் வந்த கொஞ்ச மாசத்தில் ஆபீசிலேயே அதிகம் விற்றவள் அவள்தான். 'வாய் இருந்தா பொழச்சிக்கலாம்' என்று அவளுக்கே தன்மேல் ஒரு பெருமை.

"எடுக்கறதில்லன்னு கம்ப்யூட்டரே காட்டுது. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்" என்ற கோபால்சாமி, தமிழரசி பக்கம் திரும்பினார். "நீதாம்மா கூடவே இருக்கே. நீயே சொல்லு."

தமிழரசி ஒரு நிமிஷம் தயங்கினாள். இவர் போனால் வரிசையில் முதல் ஆள் தான்தான் என்று மனசு கணக்குப் போட்டது.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா" என்றாள் சரவணகுமாரிடம். பிறகு முதலாளியைப் பார்த்தாள். "நானே கண்ணால பாத்திருக்கேன் சார். பச்சையம்மாக்கா டீக்கடையில ஒக்காந்திருப்பாரு. போன் அடிக்கும். எடுத்து யாருன்னு பாப்பாரு. திருப்பி டேபிள் மேல வெச்சிட்டு டீ குடிப்பாரு. அடிச்சி ஓயறவரைக்கும் பாத்துக்கினே இருப்பாரு. அப்டி ஒரு சோம்பேறித்தனம் எனக்குலாம் வராது சார்."

சரவணகுமார் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரிங்க சார், நான் கெளம்பறேன்" என்று சைட் சாவியை மேசைமேல் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் திரும்பினார்.

"தமிழு, மழ பேஞ்சா மேக்கால பக்கம் பார்ட்டி கார எறக்க வுடாத. சேத்துல மாட்டிக்கும்."

போகும்போதும் சீனியர் பந்தாவைப் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை சாஃப்ட்வேரில் வரிசையை மாற்றினார்கள். முதல் பெயர் கலையரசன்.

"இன்னா சார் இது? அடுத்தது நான்தானே?"

"நீ ரெண்டாவதாவே இரும்மா. அதான் ஒனக்கு ராசியான எடம்" என்று சிரித்தார் கோபால்சாமி.

கலையரசன் சாப்பிடும்போதும் எடுத்தான். வண்டி ஓட்டும்போதும் எடுத்தான். ஒரு போனையும் நாலாவது ரிங் வரைக்கும் விடவில்லை. தமிழரசியின் போன் ஊமையாகிவிட்டது. ரிப்பேரோ என்று வாணியம்பாடி வரை போய்க் கடையில் காட்டிவிட்டும் வந்தாள். போனில் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு மனசு ஆறாமல் பச்சையம்மா கடையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாவம், சரவணகுமாரு. கலசப்பாக்கத்துல நெல்லு மூட்ட ஏத்துறாராம்" என்றாள் பச்சையம்மா. "இந்த வயசுல முதுகு தாங்குமா?"

"போன் எடுக்கவே ஒடம்பு வணங்காதவரு, மூட்ட ஏத்துறாரா?" தமிழரசி சுள்ளென்று கேட்டாள். "அவரால வந்த வெனதாங்க்கா எனக்கு. ஒழுங்கா போன எடுத்திருந்தா அவரும் இருந்திருப்பாரு, இந்தக் கலையரசனும் தலைமேல வந்து ஒக்காந்திருக்க மாட்டான்."

"யாரு, அவரா எடுக்க மாட்டாரு? நல்லா சொன்னே போ! ஒம் பொண்ணுக்கு டெங்குன்னு நீ போன ஆஃப் பண்ணிட்டு ஆஸ்பத்திரியிலயே கெடந்தியே, அந்த வாரம் பூரா ஒரு போன வுடலியே அவரு. மொத ரிங்லயே எடுப்பாரு. வெச்ச டீ ஆறிப்போவும், பேசிக்கினே இருப்பாரு."

தமிழரசிக்கு விளங்கவில்லை.

"அப்ப மட்டும் எடுத்தாரா? ஏன்?"

"நானும் அத்தத்தான் கேட்டேன். 'மத்த நாள்ல அடிக்க அடிக்க பாத்துக்கினு இருக்கியே, இப்ப மட்டும் இன்னாப்பா அவசரம்'னு." பச்சையம்மா கிளாசைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "'இப்ப எடுக்கலன்னா கலையரசனுக்குப் போய்டும்க்கா. மத்த நாள்ல தமிழுக்குத்தானே போவுது'ன்னாரு."