உச்சக் குரல்

ஆங்கிலப் பட டிரெயிலரின் முடிவில் எழும் அந்தக் கூட்டுப்பாட்டை ஏழுமலை மூன்று மாதமாகத் தேடினான். அவன் வேலைக்குப் போயிருந்தபோது, மனைவி மல்லிகா, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பொது டீவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரைப் பிடித்துப் பதிந்து வைத்தது.

குருவிட்ட டவுனில் கேசட் கடை வைத்திருக்கும் இக்ராம் கண்ணை மூடிக் கேட்டார்.

"வெள்ளக்காரச் சர்ச்சுப் பாட்டு. அம்பது பேராச்சும் பாடுறாங்க. உச்சத்துல ஒருத்தி போறாளே, அடடா!"

"அந்தக் கொரலுக்காகத்தான் அலையுறேன், இக்ராம் நானா."

கொழும்புக் கடைகளிலும் கிடைக்கவில்லை. வீட்டில் மறுபடி கேசட்டைப் போட்டான்.

"சாப்பிட வாங்க!" என்றாள் மல்லிகா அடுப்படியிலிருந்து.

"கத்தாத புள்ள! இதக் கேளு. கொரலுன்னா இதுதான்."

மல்லிகா அன்றுதான் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இது பாட்டில்லீங்க. டிரெயிலர் ஓடயிலேயே டீவிக்குப் போட்டிருந்த கார் பேட்டரி எறங்கிருச்சு. லயமே சேந்து 'ஆ'ன்னு கத்துனோம். உச்சத்துல போறது நான்தான்."