நான்காவது மாப்பிள்ளைக்கு ஒரு வரைபடம்

முடிச்சூர் வீட்டின் புது பால்கனியில், காற்று வரும் ஓரமாகப் பிரம்பு நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா ரத்தினபாய். பக்கத்து நாற்காலியில் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு தாய்மாமன் ஏசுபாதம். முக்காலியில் மாப்பிள்ளை ஜெஃப்ரி. அவனுக்கு எதிரே, நீதிபதி மாதிரி பெண்ணின் அப்பா வேதசிரோமணி. ஜன்னலோரம் பெண் டெபோரா நின்றாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

"தூணே இல்லாம ஆறடி வெளிய நீட்டியிருக்கேன். போன வாரம்தான் முட்டுக் கட்டையெல்லாம் எடுத்தோம். முதல்ல உட்கார்றது நீங்கதான்," என்றார் வேதசிரோமணி.

ஏசுபாதத்தின் தட்டிலிருந்து தப்பிய லட்டு ஒன்று உருண்டு உருண்டு கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது.

"மழைத் தண்ணி ஓடணும்ல, அதான் சாய்வு," என்றார் வேதசிரோமணி, யாரும் கேட்காமலேயே.

கான்கிரீட்டுக்குள் எந்தக் கம்பி எங்கே படுக்க வேண்டும் என்று வரைபடம் போடும் ஆபீசில் அவர் தலைமைச் சரிபார்ப்பாளர். அடுத்தவன் தாளில் சிவப்பு மையால் சுழிப்பதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளும் அந்தப் பேனாவுக்குத் தப்பியதில்லை.

மகளைப் பார்க்க வருகிறவனுக்கும் பரீட்சை வைத்தார். மாடி கட்டுவதற்கு முன்பே, இதே மாடியின் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, பால்கனிக் கம்பியை மட்டும் இடம் மாற்றி, பிரிண்ட் எடுத்து, 'தப்பைக் கண்டுபிடி' என்று நீட்டினார். ஒரு பேங்க்காரர், ஒரு வாத்தியார், ஒரு பல் டாக்டர். மூன்று பேரும் கீழ் ஹாலில் உட்கார்ந்து முறுக்கைத் தின்று, தோற்றுப் போனார்கள்.

பல் டாக்டர் போனதில் டெபோராவுக்கு வருத்தமில்லை. ஜெஃப்ரி போனால் தாங்காது. சர்ச் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்றே வளர்ந்த விவகாரம் அது. ஆனால் சிறுசேரி சாஃப்ட்வேர்காரனுக்கு முறுக்குக் கம்பிக்கும் இடியாப்பத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் நேற்றே போனில் ஓதியிருந்தாள்.

"வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற பால்கனிக்கு மெயின் கம்பி மேலாப்புல வரணும். கீழ போட்டா ஒடிஞ்சு தொங்கிடும். அப்பா தாள்ல கீழ போட்டிருப்பாரு. அதை மட்டும் சொல்லு. வேற வாயே திறக்காத."

வேதசிரோமணி தாளை எடுத்து விரித்தார். வழக்கமான வெள்ளைத் தாள் இல்லை; சிமெண்ட் கறையும் மடிப்புக் கிழிசலுமாக இருந்தது. டெபோரா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு கொடுக்கிறீங்களா, இல்ல ஐடிஐ அட்மிஷனா சார்?" என்றார் ஏசுபாதம்.

ஜெஃப்ரி தாளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஒப்பித்தான். "அங்கிள், பால்கனில கம்பி கீழ இருக்கு. மேல இருக்கணும்."

வேதசிரோமணி தொடையைத் தட்டிச் சிரித்தார். "மாட்டினீங்களா தம்பி! வீட்டுக்குள்ளயே கேள்வித்தாள் அவுட் ஆகும்னு தெரிஞ்சுதான் தாளை மாத்தினேன். இது பரீட்சைத் தாளே இல்ல. மேஸ்திரி சிட்டிபாபுகிட்ட நான் கொடுத்தது. இதைப் பார்த்துத்தான் இந்த பால்கனியைக் கட்டினான். இதுல போய்த் தப்பா?"

சட்டைப்பையில் மறுப்புக் கடிதம் தயாராக இருந்தது. உறையை நாக்கில் நனைத்து ஒட்டி ரத்தினபாயிடம் நீட்டினார். "வீட்டுல போய்ப் படிங்கம்மா. மரியாதையாத்தான் எழுதியிருக்கேன்."

டெபோராவுக்குக் கண்ணீர் முட்டியது. சிரிப்புச் சத்தம் கேட்டு, அம்மா ஈவ்லின் ஆளுக்கொரு காபியோடும் தனக்கொரு நாற்காலியோடும் வந்து கூட்டத்தில் சேர்ந்தாள்.

"அப்பா, அவர் சொன்னதுக்காக ஒரு தடவை தாளைப் பாருங்கப்பா," என்றாள் டெபோரா.

"நான் வரைஞ்சு, நானே செக் பண்ணின தாளு. இதை இன்னொரு வாட்டி வேற பார்க்கணுமா?" என்றபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. "மாத்தி வச்சதையே மேஸ்திரிக்கும் பிரிண்ட் போட்டுட்டேனா?" என்று உதடு மட்டும் அசைந்தது. சுவரோரம் கிடந்த லட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு, மூச்சைக்கூட மெல்ல விட்டபடி ஜெஃப்ரியிடம் சொன்னார்:

"மாப்ள, எல்லாரையும் மெதுவா உள்ள கூட்டிட்டுப் போங்க."