வாசலைப் பார்த்துப் படுத்த புல்

புல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில்தான் காலையிலேயே தகராறு.

செயற்கைப் புல்லுக்கும் ஒரு சாய்வு உண்டு. ரோலை விரித்தால் இழைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருக்கும். எந்த வீட்டில் போட்டாலும் நானும் மச்சானும் அதைச் சாலைப் பக்கமாகச் சாய்த்துத்தான் போடுவோம். அப்போதுதான் போகிறவர் வருகிறவர் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியும். நாலு பேர் பார்த்து வயிறு எரிந்தால்தானே எங்களுக்கு அடுத்த வேலை வரும்.

இந்த வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வாசல் பக்கமாகத்தான் சாய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

இதே மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டிரைவர் வீடு என்று கேட்டால்தான் ஊரில் வழி காட்டுகிறார்கள்.

காரணத்தை அவரே, செருப்பைக் கழற்றிவிட்டு, நடந்து காட்டினார். ரோலின் மேல் வெறுங்காலோடு சாய்வோடு போனால் வழவழவென்று இருந்தது. எதிர்த்து வந்தால் பாதத்தில் குத்தியது.

"வழவழன்னா வீடு, குத்துச்சுன்னா பள்ளம். அவளுக்கு இவ்வளவு தெரிஞ்சா போதும், தம்பி."

அவர் மனைவிக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறதாம். முற்றத்தின் அந்தக் கோடியில் விறகுக் கொட்டகை, அதை ஒட்டியே பள்ளம், பள்ளத்தைத் தாண்டினால் சாலை. பனிமூட்டம் இறங்கிவிட்டால் நமக்கே எது வீடு எது வெளி என்று தெரியாது. போன மழையில், பாசி பிடித்த தரையில் மனைவியைப் பிடிக்கப் போய் இவர் விழுந்து, புருவத்தில் தையல் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து கீழே நகரத்தில் இருக்கும் மகள் விடுவதாக இல்லை. இன்னொரு முறை யாராவது விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவளுடையது மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

இந்த முற்றத்தை விட்டுப் போனால் நான் அதிக நாள் தாங்க மாட்டேன் என்று டிரைவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அம்மாவின் கண்ணை டாக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். கூப்பிட்டால், நீங்களும் காட்டினால் நானும் காட்டுகிறேன் என்று அடம் பிடிக்கிறாளாம். நன்றாக இருக்கிற கண்ணை நான் எதற்குக் காட்டுவது என்று எங்களிடமே நியாயம் கேட்டார்.

அவர் சொன்னபடியே போட ஆரம்பித்தோம். தரையை முந்தின நாளே ஜல்லித்தூள் கொட்டி இடித்துச் சமன்படுத்தியிருந்தோம். ஓரம் வெட்டி, துண்டுகள் சேரும் இடத்தில் அடியில் பட்டை கொடுத்து, பசை தடவி ஒட்டிக்கொண்டே போனோம்.

பழக்க தோஷம் என்று ஒன்று இருக்கிறதே. கொட்டகை ஓரத்துக் கடைசித் துண்டை மச்சான் சாலையைப் பார்த்துச் சாய்த்து ஒட்டிவிட்டான். நான் கவனிப்பதற்குள் பசை பிடித்துவிட்டது.

வாசலில் நின்று பார்த்தால் பச்சைச் சட்டையில் வெள்ளைத் துணியை வைத்துத் தைத்த மாதிரி அது மட்டும் வெளுத்துத் தெரிந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மச்சான் தலையைச் சொறிந்தான்.

அதற்குள் டிரைவர் வந்துவிட்டார். பசை காயும்வரை மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வாசலிலேயே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முற்றம் முழுவதையும் நிதானமாகப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். ஒட்டே தெரியாமல் ஒரே பாயாக விரித்துவிட்டீர்களே என்று என் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

பெரிய மனசு, தெரிந்தும் பெருந்தன்மையாக விடுகிறார் என்றான் மச்சான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காபி எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்த அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். டம்ளரை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். கொட்டகை ஓரத்தில் ஒரு துண்டு திரும்பிக் கிடக்கிறது, அங்கே காலை வைத்தால் பள்ளத்தை வீடு என்று சொல்லிவிடும், அதை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார்.

ஜன்னல் எங்கே, கொட்டகை எங்கே. காலையிலிருந்து சுவரைத் தடவித் தடவி நடந்தவர் இவர். நான் அவர் கண்ணையே பார்த்தேன்.

அவர் ஒரு முறை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குன்னாத்தான் தம்பி செய்வாரு. அவருக்குன்னு சொன்னா வண்டியைத் திருப்பிடுவாரு."

டம்ளரை ஜன்னலிலேயே வைத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன்.

துண்டைப் பிய்த்தெடுத்துப் புதுப் பட்டை கொடுத்துத் திருப்பி ஒட்டினோம். பசை சரியில்லை என்று டிரைவரிடம் ஒரு பொய் சொன்னேன். நல்ல வேளை, மழையும் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலம், இனி மிதிக்கலாம் என்று சொன்னதும் டிரைவர் மனைவியைக் கைப்பிடித்து, வெறுங்காலோடு கொட்டகைவரை கூட்டிப்போனார். கண்ணை மூடிக்கொண்டு காலை நம்பி வா என்றார். தனியாக மூடப் பயமாக இருக்கிறது, நீங்களும் மூடிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா கெஞ்சினார். சரியான பயந்தாங்கொள்ளி என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வழவழவென்று இருக்கிறதா, இப்போது குத்துகிறதா என்று கேட்டுக் கேட்டு, மனைவியை அவர் வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தார். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

கண்ணை மட்டும் மூடவே இல்லை. கணவருடைய பாதம் எங்கே விழுகிறது என்றே பார்த்துக்கொண்டு வந்தார்.