நம்ப முடியாத அத்தியாயம்

"நாவலாய்யா இது?" கையெழுத்துப் பிரதியை மேஜையில் விசிறியடித்தார் பதிப்பாளர். "இவ்வளவு பெரிய ஊருக்கு அடியில, சாக்கடைக்குள்ள ஏழு கொலை. கொல்றது எட்டுக் கால் பூதம். சரி, அதைக்கூட ஜனங்க நம்பிடுவாங்க. மூணாவது அத்தியாயத்தை எவன் நம்புவான்?"

"ஏன் சார்?" என்றார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர்.

"குழிக்குள்ள இறங்கினவன் செத்துக் கிடக்கான். மேல ஒருத்தன், காரை எடுக்க வழி விடலைன்னு ஆம்புலன்ஸ்காரனோட சண்டை போடறான். போலீஸ் ஒரு கேள்வி கேக்கல. மூடியைப் போட்டுட்டுப் போயிடறாங்க. காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"பூதம் மட்டும்தான் சார் கற்பனை."

"மத்ததெல்லாம் நேர்ல பார்த்தியாக்கும்!"

"ஆமா சார். அடைப்பு எடுக்க இறங்கினது என் தம்பி. மேல கயிறு பிடிச்சுக்கிட்டு நின்னது நான்."

பதிப்பாளர் கொட்டாவி விட்டார். "சரி சரி. அந்தக் கார்க்காரனையாவது மாத்துய்யா. அவ்வளவு ஈவு இரக்கமில்லாதவன் உலகத்துலயே இருக்க மாட்டான்."

வந்தவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். ஜன்னல் வழியே வாசலைக் காட்டினார்.

"அந்த மூடிதான் சார். அதே காரை இன்னிக்கு அதுமேலதான் நிறுத்தியிருக்கீங்க."