டாக்டரம்மா வீட்டுப் பிரசவம்

"மருத்துவச்சியா?"

டாக்டரம்மா காபிக் கோப்பையை மேஜைமேல் வைத்த வேகத்தில், பாதிக் காபி மாப்பிள்ளையின் செய்தித்தாளில் கொட்டியது.

"ஆமாம்மா. பேசி முடிச்சாச்சு. அவங்க வீட்டு முன்பக்கத்துல பிரசவத்துக்குன்னே ரெண்டு ரூம் வச்சிருக்காங்க," என்றாள் மகள், எட்டு மாத வயிற்றைத் தடவிக்கொண்டே.

"ஏண்டி, அப்ப நான் எதுக்கு இருக்கேன்? இருபத்தெட்டு வருஷமா ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் இந்தக் கையாலதான் எடுத்திருக்கேன். கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு யாராவது நெய்க்கு அலைவாங்களா?"

"முடிவு பண்ணிட்டேன்மா."

"நாளைக்கு நர்ஸுங்க என்ன பேசுவாங்க? பெத்த பொண்ணே நம்பலைன்னு சிரிக்க மாட்டாங்க? மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்களேன்."

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை," என்று நனைந்த பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. மனிதர் வாயில்லாப் பூச்சி.

டாக்டரம்மாவுக்குக் கோபம் மூக்குமேலேயே உட்கார்ந்திருக்கும். வருத்தம் மட்டும் வெளியே வராது. அன்றைக்கு முழுக்க அது உள்ளேயே குடைந்தது.

பழிவாங்குகிறாளோ?

மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்று யாருக்கோ இரட்டைக் குழந்தை. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் யாருக்கோ வலி. கல்யாணத்தன்றுகூட, குடும்பப் படம் எடுக்கிற நேரத்தில் போன் வந்து ஓடியவர்தான். அந்தப் படத்தில் இன்றைக்கும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

சரி, அந்த மருத்துவச்சி லட்சணத்தைப் பார்த்துவிடுவோம் என்று மறுநாளே கிளம்பினார். கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றி ஒரு துணி.

"நான் பொண்ணுக்குப் பெரியம்மா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..."

"வாங்க, வாங்க," என்றாள் மருத்துவச்சி.

டாக்டரம்மா ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. அது வேறு எரிச்சல். ஆக்சிஜன் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். நிறைய இருந்தது. பிறகு கேள்விகளை எடுத்து வீச ஆரம்பித்தார். ரத்தம் நிற்காவிட்டால்? குழந்தையின் துடிப்பு குறைந்தால்? தலை இறங்காவிட்டால்? ஒரு பெரியம்மா கேட்கிற கேள்வியா அதெல்லாம்! மருத்துவச்சி ஒவ்வொன்றுக்கும் சிரிக்காமல் பதில் சொன்னாள்.

"கடைசியா ஒண்ணு. 'இது நம்மால ஆகாது'ன்னு எப்பச் சொல்லுவே?"

"ஆகாதுன்னு சந்தேகம் வந்த உடனே. வாசல்ல கார் நிக்குது பாருங்க. பத்தே நிமிஷத்துல உங்க ஆஸ்பத்திரி, டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சுபோச்சா?"

"இதுவரைக்கும் பதினோரு பேரை நானே உங்ககிட்டக் கூட்டிட்டு வந்திருக்கேன். நீங்க பேஷண்டைப் பாப்பீங்க. கூட வந்தவ மூஞ்சி எங்கே ஞாபகம் இருக்கப் போகுது?"

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. எழுந்துகொண்டார்.

"ஒரே ஒரு நிபந்தனைங்க. அன்னிக்கு நீங்க டாக்டர் பையோட வரக்கூடாது."

"எனக்கே நிபந்தனையா?"

"என்னோடது இல்லை. உங்க பொண்ணோடது."

வலி வந்தது ஒரு காலை பத்து மணிக்கு. டாக்டரம்மா நிபந்தனைப்படி பை இல்லாமல்தான் வந்தார். ஒரு ஜோடி கையுறை மட்டும் இடுப்பில் செருகியிருந்தது.

உள்ளே நுழைந்ததும் கால்கள் தாமாகவே அவரைக் கட்டிலின் கால்மாட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தின. கையுறை தானாக மேலேறியது.

மருத்துவச்சி முழங்கையால் மெல்ல நகர்த்தினாள். "இங்கே ஒருத்தர் போதும் டாக்டர்."

"அம்மா, இங்கே வா!" என்று கத்தினாள் மகள்.

தலைமாட்டுக்குப் போனார். மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கதோஷம்.

"ஐயோ அம்மா! நாடியை விட்டுட்டுக் கையைப் பிடி!"

கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். வெளியே அவருடைய போன் அடித்தது. காலடி எடுத்து வைத்தவர், மகளின் பிடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"டாக்டர் இன்னிக்கு லீவு! வேற டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று வராந்தாவில் ஒரு அதட்டல் கேட்டது. வாயில்லாப் பூச்சிக்கு வாய் வந்துவிட்டது.

ஆயிரக்கணக்கான பெண்களை "முக்கும்மா, முக்கு" என்று விரட்டிய வாய், அன்றைக்குத் தெரிந்த தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டது. டாக்டரம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"பொண்ணு!" என்றாள் மருத்துவச்சி.

அந்த அறையில் அழுதவர்கள் மூன்று பேர். அதிலே சத்தமாக அழுதது குழந்தை இல்லை, டாக்டரம்மா.

எல்லாம் அடங்கியபின் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "இப்பவாவது சொல்லுடி. என் கைமேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

மகள் இன்னும் அந்தக் கையை விடவில்லை.

"டாக்டரா உன்னைக் கூப்பிட்டிருந்தா நீ கால்மாட்டுலதானே நின்னிருப்பே? அங்கே நிக்க எனக்கு வேற ஆள் கிடைச்சாங்க. தலைமாட்டுல நிக்க, உன்னை விட்டா யாரும்மா இருக்கா?"